விடுமுறை உடையும் வெப்பவியலும்

சனி, ஞாயிறு இரண்டு நாளும் விடுமுறை. வீட்டுப்பாடத்தை ஞாயிறு இரவு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டாகிவிட்டது. (உங்கள் ஆசிரியரிடம் நான் சொல்ல மாட்டேன்.) மதியச் சாப்பாடு முடிந்து, கூடத்தில் பாயை விரித்து, ஒரு கதைப் புத்தகத்துடன் படுத்தும் ஆயிற்று. இந்த நேரத்துக்கு ஏற்ற உடை எது?

"வீட்டில் இருக்கும்போது எதை உடுத்தினால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் கோடை விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பும் மாணவர்களில் ஓரிருவராவது கழுத்திலும் முதுகிலும் வேர்க்குருவோடு வருவதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். வியர்வை நாளத்தின் வாய் அடைபட்டு, வியர்வை தோலுக்குள்ளேயே தேங்கினால் வேர்க்குரு உண்டாகிறது. இறுக்கமான, ஈரத்தை வெளியே விடாத உடை அதற்கு நல்ல துணை. இடுப்பைச் சுற்றி வரும் படர்தாமரைக்கும் அப்படியே. கடையில் "வீட்டு உடை" என்று பளபளப்பான உறையில் போட்டு நல்ல விலைக்கு விற்கிறார்கள். அதைவிடச் சுகமான உடை உங்கள் வீட்டு அலமாரியின் அடித்தட்டில், அநேகமாகத் தரை துடைக்கப் போகும் நிலையில், மடித்து வைக்கப்பட்டிருக்கக்கூடும். அதை அங்கிருந்து மீட்டுத் தருவதே என் நோக்கம். அதற்குக் கொஞ்சம் இயற்பியல் வேண்டும்.

படுத்திருக்கும் மனித உடலும் ஓர் அடுப்புதான். நன்கு வளர்ந்த ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, அவர் தோலின் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஏறத்தாழ 58 வாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். தோலின் மொத்தப் பரப்பு சுமார் 1.7 சதுர மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 100 வாட். பழைய காலத்து 100 வாட் குமிழ் விளக்கு ஒன்று உங்களுக்குள் இரவும் பகலும் எரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சோம்பலாகப் படுத்துக் கிடந்தால் சற்றுக் குறையும்; அணையாது.

இந்த வெப்பம் வெளியே போயாக வேண்டும். வெப்பமான வேளையில் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி செல்சியஸ். அறையின் காற்றும் சுவர்களும் 32 டிகிரியில் இருந்தால் வேறுபாடு 3 டிகிரி. காற்று அசையாத அறையில், உடை இல்லாத தோலின் ஒரு சதுர மீட்டரிலிருந்து, ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சுமார் 8 வாட் வீதம், வெப்பச் சலனத்தாலும் கதிர்வீச்சாலும் வெளியேறும். எனவே 8 × 1.7 × 3. ஏறத்தாழ 40 வாட். மீதி 60 வாட்? அதை வியர்வைதான் ஆவியாகிக் கொண்டுபோக வேண்டும். ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2,430 ஜூல் தேவை. ஒரு மணி நேரத்துக்குக் கணக்கிட்டால் சுமார் 90 கிராம் வருகிறது. சும்மா படுத்திருப்பதற்கே அரை டம்ளர் வியர்வை!

இனி அறை 38 டிகிரிக்குப் போகட்டும். இப்போது வெப்பம் எதிர்த்திசையில், அறையிலிருந்து உடலுக்குள் பாய்கிறது. அதே கணக்குப்படி 40 வாட் உள்ளே வருகிறது. ஆகவே 140 வாட்டை வியர்வை மட்டுமே சுமக்க வேண்டும். மணிக்கு 200 கிராமுக்கு மேல். 2003 மே மாத இறுதியில் சென்னையில் வெப்பநிலை 45 டிகிரியைத் தொட்டது. அன்று வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களின் உடல் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் வியர்ப்பது வேறு, வியர்வை ஆவியாவது வேறு. நெற்றியிலிருந்து சொட்டிப் பாயில் விழும் வியர்வையால் உடலுக்கு எந்தப் பயனும் இல்லை. ஆவியானால்தான் அது வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஆவியாகும் வேகத்தைத் தீர்மானிப்பது தோலின் மேல் உள்ள நீராவி அழுத்தத்துக்கும் காற்றில் உள்ள நீராவி அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு. 35 டிகிரியில் தெவிட்டிய நீராவியின் அழுத்தம் சுமார் 42 மில்லிமீட்டர் பாதரசம். கடற்கரை ஊர் ஒன்றில் 32 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதம் என்றால், காற்றில் உள்ள நீராவி அழுத்தம் சுமார் 27 மில்லிமீட்டர், வேறுபாடு 15. உள்நாட்டு ஊர் ஒன்றில் 38 டிகிரி, 35 சதவீத ஈரப்பதம் என்றால், 17 மில்லிமீட்டர், வேறுபாடு 25. வேலூர்க்காரர் சென்னைக்கு வந்து, "வெயில் எங்கள் ஊரைவிடக் குறைவுதான், ஆனாலும் தாங்க முடியவில்லை" என்று சலித்துக்கொள்வதன் காரணம் இந்தப் பத்து மில்லிமீட்டர்தான். ஈரக் குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தாண்டினால் மனித உடல் தாக்குப்பிடிக்காது என்று 2010-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். 2022-இல் வெளியான சோதனைகளில், இளமையும் ஆரோக்கியமும் உள்ளவர்களுக்கே ஈரமான வெப்பத்தில் 31 டிகிரியை ஒட்டி உடல் வெப்பம் கட்டுமீறி ஏறத் தொடங்கியது. ஆகவே உடை விஷயம் வெறும் அலங்காரம் அல்ல.

இப்போது துணிக்கு வருவோம். துணி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி துணியே அல்ல, காற்று! நூலுக்கும் நூலுக்கும் இடையிலும், நூலுக்குள் இழைக்கும் இழைக்கும் இடையிலும், துணிக்கும் தோலுக்கும் இடையிலும் காற்று நிற்கிறது. அசையாத காற்று வெப்பத்தை மிகவும் அரிதாகவே கடத்தும். தண்ணீரின் கடத்துதிறன் அதைப் போல இருபது மடங்குக்கும் மேல். உடை வெப்பத்தைத் தடுப்பது இந்தக் காற்றால்தான்.

தடுக்கும் திறனை அளக்க ஓர் அலகு உண்டு: 'க்ளோ'. 1941-இல் கேகி, பர்ட்டன், பேசெட் என்ற மூவர் வகுத்தது. 21 டிகிரி வெப்பமும், அதிக ஈரமோ காற்றோட்டமோ இல்லாத அறையும் என்றால், சும்மா உட்கார்ந்திருப்பவருக்குச் சுகமாக இருக்கும் உடையின் தடுப்புத் திறன் 1 க்ளோ. வெள்ளைக்காரர்களின் முழுக் கோட்டும் கால்சட்டையும் ஏறத்தாழ அந்த அளவு. முழுக் கால்சட்டையும் அரைக்கைச் சட்டையும் 0.57 க்ளோ. அரைக் கால்சட்டையும் அரைக்கைச் சட்டையும் 0.36 க்ளோ. உட்கார்ந்திருப்பவரின் உடையில் 0.1 க்ளோ குறைந்தால், அறையின் வெப்பநிலை அரை டிகிரிக்குச் சற்று மேல் குறைந்தாற்போல் இருக்கும். பள்ளிக்குப் போட்டுப்போன முழுக் கால்சட்டையை மாற்றாமல் அப்படியே படுத்துக்கொள்பவர், அரைக் கால்சட்டைக்கு மாறினாலே ஒரு டிகிரிக்கு மேல் லாபம் அடைகிறார்.

ஒரு டிகிரிதானே என்று நினைக்க வேண்டாம். குளிரூட்டியின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று நம் நாட்டின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. ஜப்பானில் 2005-இல் அரசே ஓர் இயக்கம் தொடங்கியது. கோடையில் அலுவலகக் குளிரூட்டிகளை 28 டிகிரியில் வையுங்கள். அதற்கு ஈடாகக் கழுத்துப்பட்டியையும் கோட்டையும் கழற்றிவிடுங்கள் என்பதே திட்டம். மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த ஒரு நாடே கழுத்துப்பட்டியை அவிழ்த்தது. குளிரூட்டி இல்லாத நம் வீட்டில் மின்விசிறி இருக்கிறது. அதன் காற்று தோலைத் தொட வழிவிடும் உடையை உடுத்தினால் போதும்.

அடுத்த கேள்வி, எந்த இழை? 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் வைத்தால், 100 கிராம் உலர்ந்த பருத்தி சுமார் 8 கிராம் நீராவியைத் தன் இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். பாலியெஸ்டர் வாங்குவது அரைக் கிராமுக்கும் குறைவு. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் உருவாக்கி, 'டெரிலின்' என்ற பெயரில் உலகெங்கும் பரவிய இழை அது. கசங்காது, சீக்கிரம் உலரும், வருடக்கணக்கில் உழைக்கும். ஆகவே பள்ளிச் சீருடைகளில் அது பருத்தியுடன் கலந்து நிறைய இடம் பிடித்திருக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஓடி விளையாடி வியர்த்துக் கொட்டுபவருக்கு, தண்ணீரைத் தாங்கி நிற்காமல் விரைவில் உலரும் பாலியெஸ்டர் பனியன்தான் நல்லது. பருத்தி நனைந்து கனத்து உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் நாம் பேசுவது ஓடுகிறவரைப் பற்றி அல்ல, படுத்திருப்பவரைப் பற்றி. அவருக்குச் சிறிது சிறிதாகத்தான் வியர்க்கும். அந்தச் சிறு ஈரத்தைப் பருத்தி வாங்கி இழைக்குள் வைத்துக்கொள்வதால் தோல் பிசுபிசுப்பதில்லை.

புதிய பருத்தியா, பழைய பருத்தியா? இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பழைய வேட்டி அல்லது பாவாடைத் துணியில் இரண்டு சென்டிமீட்டர் அகலம், இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். (வீட்டில் கேட்டுவிட்டு!) தையற்கடையில் கேட்டால், ஒருமுறையும் துவைக்காத புதிய பருத்தித் துணியிலும் பாலியெஸ்டரிலும் இதே அளவு வெட்டுத்துண்டு கிடைக்கும். மூன்றையும் ஒரு குச்சியில் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழ் நுனி மட்டும் மை கலந்த தண்ணீரில் தோயும்படி வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மை ஏறிய உயரத்தை அளந்து எழுதுங்கள்.

என் வீட்டில் பழைய வேட்டித் துண்டு வெகுதூரம் முந்தியது. புதிய பருத்தியில் மை ஏறவே தயங்கிற்று. காரணம் இதுதான்: நெசவின்போது பாவு நூலுக்குப் பசை போடுகிறார்கள், பிறகு பளபளப்புக்காகவும் மென்மைக்காகவும் மேற்பூச்சு கொடுக்கிறார்கள், பருத்தி இழையின் மேலேயே இயற்கையான மெழுகுப் பூச்சும் உண்டு. இவை போகாதவரை தண்ணீர் இழையை நன்றாக நனைக்காது. நுண்புழை ஏற்றமும் நடக்காது. புதுத் துண்டு முதல் நாள் தலையைத் துவட்டாமல் தண்ணீரை இங்கும் அங்கும் தள்ளுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பலமுறை துவைத்த துணியில் இந்தப் பூச்சுகள் போய்விடுகின்றன. நூலின் முறுக்கும் சற்றுத் தளர்கிறது. துவைக்கத் துவைக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இழை உதிர்ந்து துணி மெலிகிறது, வளைந்து கொடுக்கிறது. கடைக்காரர் பழையது என்று சொல்லும் அதே துணி, தோலின் கணக்கில் பக்குவம் அடைந்த துணி. பாலியெஸ்டர் துண்டின் முடிவு அதன் நெசவையும் மேற்பூச்சையும் பொறுத்து மாறும். உங்கள் முடிவும் என் முடிவும் ஒத்துப்போகாவிட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

இன்னொன்று. துணியை வாய்க்கு முன்னால் இழுத்துப் பிடித்து, மறுபக்கம் உள்ளங்கையை வைத்து ஊதுங்கள். பழைய மல் துணியில் காற்று தாராளமாக வரும். அதையே கஞ்சி போட்டு இஸ்திரி செய்தபின் ஊதிப் பாருங்கள். கஞ்சி நூலிடைத் துளைகளை அடைத்துவிடுவதால் காற்று குறையும். கஞ்சி போட்ட வேட்டி கல்யாணத்துக்கு அழகு. ஞாயிற்றுக்கிழமைக்கு அது வேண்டாம். இஸ்திரிச் செலவும் மிச்சம்.

ஜீன்ஸ் துணியில் ஊதிப் பார்த்தால் உங்களுக்கு மூச்சு வாங்கும். கனமான ஜீன்ஸ் துணி சதுர மீட்டருக்கு 400 கிராம் வரை இருக்கும். அது பருத்திதான். அதனால் இழை மட்டும் பருத்தியாக இருந்தால் போதாது. கனமும் நெசவும் பார்க்க வேண்டும்.

உடையின் வடிவமும் முக்கியம். லுங்கி என்பது மேலே கட்டி, கீழே திறந்த ஒரு குழாய். நடக்கும்போதும் காலை மடக்கும்போதும் அது கொல்லன் துருத்தியைப் போல் வேலை செய்து, உள்ளே தேங்கிய ஈரக் காற்றை வெளியே தள்ளி, புதிய காற்றை இழுக்கிறது. மடித்துக் கட்டினால் முழங்காலுக்குக் கீழே தோல் நேரடியாகக் காற்றுக்குத் திறந்துவிடும். ஆனால் தொடைப்பகுதியில் துணி இரட்டிப்பாகிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. வேட்டியிலும் இந்தக் கணக்கு உண்டு. எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்து உடுத்துகிறோம்; இரண்டு அடுக்குத் துணி, இடையே ஓர் அடுக்குக் காற்று. நாலு முழத்தில் ஒரே அடுக்கு. மானத்துக்கு எட்டு முழம், மதியத்துக்கு நாலு முழம் என்று என் தாத்தா சொல்வார். அவர் வெப்பவியல் படித்தவரல்லர்.

பெண்களின் பருத்திப் பாவாடை, சுங்குடிச் சேலையைப் பிரித்துத் தைத்த தொளதொளப்பான நைட்டி ஆகியவற்றிலும் இதே துருத்தி வேலைதான் நடக்கிறது. சேலையைச் சோதனைப் பொம்மைக்கு உடுத்தி அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரே சேலையை உடுத்தும் முறையை மாற்றினாலே அதன் க்ளோ மதிப்பு கணிசமாக மாறுகிறது. இறுகப் பிடிக்கும் லெக்கின்ஸில் துருத்திக்கு இடமே இல்லை. இடுப்பில் இறுக்கமான எலாஸ்டிக்கை விட நாடா மேல். எலாஸ்டிக் பதிந்த தடத்தில் வியர்வை ஆவியாக வழியின்றித் தேங்கும். அரிப்பு தொடங்கும் இடம் அதுதான். கிழிந்த முழுக் கால்சட்டையை முழங்காலோடு வெட்டி, ஓரம் மடித்துத் தைத்துவிட்டால் அருமையான அரைக் கால்சட்டை. தையற்கூலி மட்டும்தான் செலவு. கைத்தையல் தெரிந்தால் அதுவும் இல்லை.

"அப்படியானால் மேலே ஒன்றும் போடாமல் இருப்பதே நல்லதல்லவா?" என்று ஒரு மாணவன் வகுப்பில் கேட்டான். நியாயமான கேள்வி. விசிறிக்குக் கீழே, மிதமாக வியர்க்கும்போது, வெற்று உடம்புதான் குளிர்ச்சி. பனியனில் ஊறிய வியர்வை ஆவியாகும்போது வெப்பத்தில் ஒரு பகுதியைத் தோலிலிருந்து எடுக்காமல் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆனால் வியர்வை வழிந்தோடும் அளவுக்கு வந்துவிட்டால் கதை மாறும். வெற்று முதுகில் அது ஓடி வீணாகும். மெல்லிய பருத்திப் பனியன் அதை வாங்கிப் பரப்பி ஆவியாக அவகாசம் தருகிறது. தவிர, நெகிழி நாற்காலியில் முதுகு ஒட்டிக்கொள்வதையும் தடுக்கிறது. வெயிலில் இறங்கினாலோ, உடம்பை மூடியே ஆக வேண்டும்.

வெயில் என்றதும் நிறம் நினைவுக்கு வரும். வெள்ளை குளிர்ச்சி, கறுப்பு சூடு என்று படித்திருக்கிறோம். சினாய், நெகேவ் பாலைவனங்களின் பெதூயின் மக்களோ கறுப்பு அங்கி அணிகிறார்கள். இது எப்படி என்று சிலர் பாலைவன வெயிலில் ஒருவரை நிறுத்தி வைத்தே அளந்து பார்த்து, 1980-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கறுப்புத் துணி வெள்ளையைவிட அதிகச் சூடேறியது உண்மை. ஆனால் அங்கி மிகவும் தளர்வாக இருந்ததால், அந்த அதிகப்படி வெப்பம் தோலை எட்டுவதற்கு முன்பே காற்றோடு போய்விட்டது. தோலை அடைந்த வெப்பம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. தளர்வு அவ்வளவு வல்லமை உள்ளது. உடம்போடு ஒட்டும் கறுப்புச் சட்டைக்கு இந்தச் சலுகை கிடையாது.

வீட்டுக்குள் நிறம் ஒரு பொருட்டே அல்ல. சுவர்களும் உடலும் வீசுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள். அவற்றின் அலைநீளம் பத்து மைக்ரான் அளவில் இருக்கும். அந்தக் கதிர்களுக்கு முன்னால் எல்லாத் துணியும் ஏறத்தாழக் கறுப்பே. ஆகவே சாயம் போன சட்டையும் மஞ்சள் கறை படிந்த பனியனும் புதுச் சட்டைக்கு எந்த வகையிலும் தாழ்ந்தவை அல்ல. அம்மாவிடம் இந்த வாதம் எடுபடுமா என்பது வேறு விஷயம்.

ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. இதே தளர்ந்த உடையுடன் அடுப்பங்கரைக்குப் போகாதீர்கள். விடுமுறை நாளில் காப்பி போட்டுப் பழகலாம் என்று சிலருக்குத் தோன்றும். பாலியெஸ்டர் சுமார் 255 டிகிரியில் உருகி, தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்கும்போது பருத்தி உடுத்தச் சொல்வது அதனால்தான். ஆனால் பருத்தி தீப்பிடிக்காது என்று யாரும் சொல்லவில்லை. காற்றோட்டமுள்ள மெல்லிய பழைய துணி சீக்கிரமே பற்றிக்கொள்ளும். துருத்தி போலக் காற்றை இழுக்கும் அந்த நல்ல குணமே அங்கே எதிரியாகிவிடும். அடுப்பருகே மடித்துக் கட்டியதன் முனையும், தொங்கும் கையும், துண்டின் நுனியும் ஒதுங்கியே இருக்கட்டும்.

மாலையில் உடையை அலசிப் போடும்போது இன்னொரு கணக்கையும் செய்து பார்க்கலாம். சமையலறைத் தராசில் உலர்ந்த லுங்கியை நிறுங்கள். நனைத்துப் பிழிந்து மறுபடி நிறுங்கள். வேறுபாடுதான் அது பிடித்துவைத்த தண்ணீர். ஜீன்ஸ் கால்சட்டை இருந்தால் அதையும் அப்படியே நிறுங்கள். இரண்டையும் ஒரே கொடியில் நிழலில் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை எடையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். மழை நாள் ஒன்றில் திரும்பவும் செய்தால், நாம் பார்த்த நீராவி அழுத்த வேறுபாடு உங்கள் வரைபடத்தின் சரிவில் தெரியும். லுங்கியின் கோடு எந்த நேரத்தில் தரைமட்டமாகிறது, ஜீன்ஸின் கோடு எந்த நேரத்தில் என்று பாருங்கள். அநேகமாக ஜீன்ஸின் கடைசிப் புள்ளியைத் திங்கட்கிழமை காலையில்தான் குறிக்க முடியும். அதற்குள் வீட்டுப்பாடத்தையும் முடித்துவிடுங்கள்.